சோற்றோடு ஆறு மாத்திரை

அர்ச்சுனன் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மங்கலம்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, விருத்தாசலத்தில் இறங்கி, ஒரு டீ கூடக் குடிக்காமல் நேராகத் தங்கை வீட்டுக்கு நடந்து வந்திருந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே, "நீலா, துணிமணிய எடுத்துக்க. பதினோரு மணி பஸ்ஸுக்குக் கெளம்பணும்" என்றான்.

நீலாவதி புளி கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்தாள்.

"எதுக்குண்ணே?"

"எதுக்கா? ஊரே சிரிக்குது. சாராயக்கடை தொறந்து ஒரு வருசம்தான் ஆவுது. அதுக்குள்ள ஒன் புருஷன் குடிச்சிக் குடிச்சிக் கொடலு வெந்து கெடக்குறானாம். டாக்டரே சொல்லிட்டாராமே!"

அது எழுபத்திரண்டாம் வருஷம், ஆவணி மாதம். உள்ளே பாயில் தங்கதுரை முழங்காலைக் கட்டிக்கொண்டு, வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவில் ஒரு தலையணையை அழுத்தி வைத்துக்கொண்டு கிடந்தான். மச்சான் பேசியது ஒவ்வொரு சொல்லும் அவன் காதில் விழுந்தது. எழுந்து வந்து பதில் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

டாக்டர் சொன்னது உண்மைதான். கடைத்தெருவில் இருந்த அந்த டாக்டர் தங்கதுரையின் வயிற்றை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, "எத்தனை நாளா குடிக்கிறே?" என்று கேட்டார். குடிப்பதே இல்லை என்றான் இவன். "இங்க வர்றவன் எல்லாரும் அதத்தான் சொல்றான்" என்று சிரித்துவிட்டு ஏதோ எழுதிக் கொடுத்தார். அந்தச் சிரிப்பு அவருடைய அறையோடு நிற்கவில்லை. மருந்து கட்டிக் கொடுத்தவர் ஒருவரிடம் சொல்ல, அவர் இன்னொருவரிடம் சொல்ல, அது பஸ் ஏறி அர்ச்சுனனின் ஊர் வரைக்கும் போய்விட்டது.

நீலாவதி அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"நாலு வருசமா அவரு பக்கத்துல படுக்குறேன். குடிச்சா என் மூக்குக்குத் தெரியாதாண்ணே?"

அர்ச்சுனன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். தங்கை இப்படிப் பட்டென்று பேசுவாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப ஏன் எலும்பா கெடக்குறாரு?"

"அது எனக்கும் தெரியல. தெரிஞ்சிக்குவேன். நீ பொங்கலுக்கு வா. அதுக்குள்ள அவரு ஒடம்பு தேறலேன்னா அப்ப பேசலாம். அப்பவும் ஒங்கூட வர்றேன்னு சொல்லல. பேசலாம்னுதான் சொல்றேன்."

அர்ச்சுனன் அவள் கொடுத்த மோரை வாங்கிக் குடித்தான். பதினோரு மணி பஸ்ஸுக்குத் தனியாகப் போனான்.

அவன் போனதும் மாமியார் விருத்தாம்பாள் அடுப்படியில் வந்து நின்றாள். "டாக்டரு படிச்சவரு. அவரு எதுக்குப் பொய் சொல்லப் போறாரு?" என்று தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பெற்றவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பொய் சொல்லல அத்தே. தெரியாம சொல்லிட்டாரு" என்றாள் நீலாவதி.

தங்கதுரைக்கு அந்த வலி புதிதில்லை. பத்தொன்பது வயதில் முதல் தடவை வந்தது. நெஞ்சுக்குழிக்குக் கீழே பிடித்து, ஈட்டியைப் பாய்ச்சியது போல முதுகு வரைக்கும் போகும். இரண்டு நாள் புரட்டி எடுத்துவிட்டுத் தானாக விட்டுவிடும். அப்புறம் ஆறு மாதம் ஒன்றும் இருக்காது. கல்யாணம் ஆன புதிதில் அவன் ஆள் திடமாகத்தான் இருந்தான். ரயிலடிக்கு அந்தப் பக்கம் இருந்த பீங்கான் கம்பெனியில் அவனுக்கு வார்ப்பு வேலை. கூழாகக் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சுகளில் ஊற்றி, இறுகியதும் பிரித்தெடுக்க வேண்டும். ஈரம் குடித்த அச்சு ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம் கனக்கும். ஒரு நாளைக்கு முந்நூறு அச்சு தூக்குவான். அதே கம்பெனியில் நீலாவதிக்கு, வார்த்தெடுத்த சாமான்களின் ஓரத்தை ஈரப் பஞ்சால் துடைத்து வழவழப்பாக்கும் வேலை.

கடைசி இரண்டு வருஷத்தில் வலி வருவதும் போவதும் மாறிவிட்டது. சாப்பிட்டால் வலி. சாப்பிடாவிட்டால் மயக்கம். சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டுவதில்லை. ஒரு நாள் அவன் வெட்கத்தோடு பெண்டாட்டியிடம் சொன்னான்: "வெளிக்குப் போனா எண்ணெ எண்ணெயா போவுது நீலா. தண்ணி ஊத்துனாலும் மெதக்குது. நாத்தம் தாங்க முடியல."

நீலாவதி முகம் சுளிக்கவில்லை. நாம் ஊற்றுகிற எண்ணெய் அப்படியே வெளியே போகிறது என்றால் உள்ளே எதுவோ வேலை செய்யவில்லை என்று யோசித்தாள். எது என்றுதான் தெரியவில்லை.

கம்பெனியில் மண் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. அர்ச்சுனன் வந்து போன பிறகு, வலி விட்டுத் தங்கதுரை வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம், அவள் அவனை அதில் ஏறி நிற்கச் சொன்னாள். மண் கிடங்குக்காரர் காத்தவராயன் கல்லை நகர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடியும் நகர்த்திப் பார்த்தார். நாற்பத்தோரு கிலோ. "ஒரு மூட்டை மண்ணு கூட இல்லியே தம்பி" என்று சொல்ல வந்தவர் நீலாவதியின் முகத்தைப் பார்த்துச் சொல்லை விழுங்கிக்கொண்டார்.

புரட்டாசி பிறந்த முதல் வாரமே இருவரும் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினார்கள். விழுப்புரத்தில் வண்டி மாறிப் பாண்டிச்சேரி போய்ச் சேர்ந்து, பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு நாள் நின்றார்கள். இரத்தம் எடுத்தார்கள், மலம் வாங்கினார்கள், எக்ஸ்ரே பிடித்தார்கள். மூன்றாம் நாள் ஒரு டாக்டரம்மா கூப்பிட்டாள். நாற்பது வயது இருக்கும். கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம்.

"குடிக்கிற பழக்கம் உண்டா?"

தங்கதுரை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். மறுபடியுமா என்று அவனுக்கு அலுத்துவிட்டது. நீலாவதி பதில் சொன்னாள்.

"பீடி குடிப்பாருங்க. சாராயம் தொட்டதில்ல. நீங்க நம்பலேன்னா இங்கியே ஒரு மாசம் வச்சிப் பாருங்க, நானும் கூடவே இருக்கேன்."

டாக்டரம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு முதல் டாக்டரின் சிரிப்பைப் போல இல்லை.

"நம்பறேம்மா. கேக்க வேண்டியது என் கடமை, அதான் கேட்டேன். குடிக்காத சின்ன வயசுக்காரங்களுக்கும் நம்ம பக்கத்துல இது வருது. ஏன் வருதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. மரவள்ளிக் கிழங்கா இருக்குமோன்னு சிலர் சொல்றாங்க, நிச்சயம் இல்ல."

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முதுகெலும்புக்குக் குறுக்கே, நொய்யரிசியை இறைத்தது போல வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

"இரைப்பைக்குப் பின்னாடி கணையம்னு ஒண்ணு இருக்குது. சாப்பாட்டைக் கரைக்கிற சாறு அதுலேருந்துதான் வரணும். இவருக்கு அதுக்குள்ள கல்லு கட்டியிருக்குது. சாறு வர்றதில்ல. அதனாலதான் எண்ணெயும் நெய்யும் கரையாம அப்படியே போயிடுது."

"ஆபரேசனாங்க?" என்றான் தங்கதுரை.

"இப்போதைக்கு வேணாம். வர வேண்டிய சாறை மாத்திரையா வெளியிலேருந்து கொடுக்கலாம். ஒரு வேளைக்கு ஆறு. சாப்பாட்டோட போகணும், புரியுதா? சப்புறது, மெல்றது கூடாது, வாய் வெந்துடும். அப்படியே முழுங்கணும். எண்ணெய் கம்மியா, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை சாப்பிடட்டும். பீடியை இன்னியோட விட்டுடணும். சாராயத்தை இதுவரைக்கும் தொடாதவர் இனிமேலும் தொடக் கூடாது. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சர்க்கரை பாக்கணும். வலி அடியோட போயிடும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா சாப்பிடறது உடம்புல சேரும்."

ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்ததும் தங்கதுரை சட்டைப் பையில் இருந்த பீடிக் கட்டை எடுத்துச் சாக்கடையில் போட்டான். வண்டி கிளம்பிய பிறகு, "அந்தம்மா நம்புனாங்க, பாத்தியா" என்று மட்டும் சொன்னான்.

விருத்தாசலத்துக் கடைகளில் அந்த மாத்திரை இல்லை. மங்கலம்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருந்த ஷேக் தாவூத் பாய், சீட்டைப் படித்துப் பார்த்து, மெட்ராஸிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து நீலாவதி போனபோது பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் வந்திருந்தன. அவற்றைக் கொடுப்பதற்கு முன் பாய் கொஞ்சம் தயங்கினார்.

"தங்கச்சி, வாங்குறவங்க தெரிஞ்சி வாங்கணும். இது பன்னியோட கணையத்துலேருந்து எடுக்குற மருந்து. எங்க ஆளுங்க கேட்டாலும் இதச் சொல்லிட்டுத்தான் கொடுப்பேன். வேற வழி இல்லாத நேரத்துல மருந்துக்குத் தடை இல்லன்னு எங்க பெரியவங்க சொல்லுவாங்க. ஒங்க வூட்டு வழக்கம் எப்பிடின்னு எனக்குத் தெரியாது."

"சொன்னீங்களே, அதுவே போதுங்க பாய்" என்று குப்பிகளை வாங்கிக்கொண்டாள்.

பஸ்ஸில் வரும்போது அவளுக்கு யோசனையாக இருந்தது. மாமியார் புரட்டாசி முழுக்க முட்டை வாங்கிய கூடையைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள். குலதெய்வம் ஸ்ரீமுஷ்ணம் பெருமாள். சொல்லாமல் இருந்துவிடலாம்தான். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் ஒளித்து வைத்து மருந்து கொடுத்தால் அது என்றைக்காவது வெளியே வரும். வந்தால் அன்றைக்கே மருந்து நிற்கும். அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், குப்பிகளை நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, பாய் சொன்னதை அப்படியே சொன்னாள்.

விருத்தாம்பாள் எழுந்து போய்ப் பெருமாள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் சனிக்கிழமை. தலைக்குக் குளித்துவிட்டு, துளசி மாலை வாங்கிக்கொண்டு, தனியாக ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறிவிட்டாள். மாத்திரைக் குப்பிகள் வைத்த இடத்திலேயே இருந்தன. தங்கதுரை தொடவில்லை. அம்மா வரட்டும் என்றான்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தாள். நெற்றியில் நாமம், கையில் பிரசாதப் பொட்டலம். காலைக் கழுவிக்கொண்டு நேராக மகனிடம் வந்தாள்.

"அங்க பெருமாளு எந்த ரூபத்துல நிக்கிறாருடா?"

"வராக ரூபத்துல."

"பூமி முழுவிப் போனப்ப அவரு மானாவோ மயிலாவோ வரல. இந்த ரூபத்துலதான் வந்து தூக்குனாரு. என் புள்ளையத் தூக்கவும் இதே வழியா வர்றாருன்னா, வேணாம்னு சொல்ல நான் யாரு? தின்னுடா." குப்பியை எடுத்து அவளே அவன் கையில் வைத்தாள்.

அதற்குமேல் எல்லாம் சரியாகப் போயிருக்க வேண்டும். போகவில்லை. முதல் இரண்டு நாள் மாத்திரையை மென்று தின்று நாக்கும் கன்னமும் புண்ணாகிப் போயின. டாக்டரம்மா அவ்வளவு சொல்லியும் கேட்காததற்கு நீலாவதியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். புண் ஆறியதும் முழுங்கப் பழகினான். ஆனால் சனிக்கிழமைதோறும் காத்தவராயனின் தராசு காட்டியது நாற்பத்தொன்று, நாற்பத்தொன்றரை, மறுபடியும் நாற்பத்தொன்று. ஐப்பசி முடிகிற வரைக்கும் இதே கதை. தங்கதுரைக்கே நம்பிக்கை விட்டுப் போனது.

"இந்த மருந்து எனக்குக் கேக்கல நீலா. நிறுத்திடலாம்."

"டாக்டரம்மா ஏமாத்தறவங்க இல்ல. நாமதான் எங்கியோ தப்பு பண்றோம்" என்றாள் அவள். எங்கே என்று தேடிக்கொண்டே இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. துணி துவைக்கும்போது அவன் வேலைச் சட்டையின் பையில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு என்று அவள் மடித்துக் கொடுத்த ஆறு மாத்திரையும் வியர்வையில் ஊறி ஒரே கட்டியாகி இருந்தன.

பொட்டலத்தை அவனுக்கு முன்னால் வைத்தாள். அவன் மறைக்கவில்லை.

"கம்பெனியில எப்பிடித் தின்றது? ஏற்கெனவே குடிகாரன்னு பேரு. ஆறு மாத்திரைய அள்ளி வாயில போட்டா என்ன சொல்லுவானுவோ? அதான் வூட்டுக்கு வந்து அஞ்சு மணிக்குப் போட்டுக்குவேன். சில நாளு மறந்துடுது."

"அஞ்சு மணிக்கு வயித்துல என்ன இருக்குது?"

"ஒண்ணும் இருக்காது."

"காலையில?"

"கம்பெனிக்குப் போவற அவசரத்துல கஞ்சியக் குடிச்சிட்டு, செருப்பு மாட்டும்போது போட்டுக்குவேன். ராவுல பாய விரிச்சப்பறம் போடுறேன்."

நீலாவதி தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு மாதமாகத் தேடிய தப்பு சட்டைப் பையில் இருந்திருக்கிறது. "அந்தம்மா சாப்பாட்டுக்கு முன்னாடின்னு சொல்லல, பின்னாடின்னும் சொல்லல. சாப்பாட்டோடன்னுதானே சொன்னாங்க? சோத்தக் கரைக்கிறதுக்குத்தான் மாத்திரை. சோறு ஒரு பக்கம் போவுது, மாத்திரை இன்னொரு நேரத்துல தனியாப் போவுது. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாக்கவே இல்லியே, எப்பிடிக் கரைக்கும்?"

தங்கதுரை அந்தக் கட்டியை எடுத்துப் போய்க் குப்பையில் போட்டான்.

மறுநாள் மத்தியானம் சங்கு ஊதியதும், நீலாவதி தன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு ஆண்கள் சாப்பிடும் பக்கம் போனாள். சூளைக் கொட்டகைக்குப் பின்னால், அடுக்கி வைத்த பலகைகளின் நிழலில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. அவள் நேராகப் போய்த் தங்கதுரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வார்ப்புப் பகுதி மேஸ்திரி சாமிதுரைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னம்மா, வூட்டுக்காரருக்குக் காவலா?"

"இல்லீங்க மேஸ்திரி. இவரு மாத்திரை போடுறதுக்குக் கூச்சப்படுறாரு. அதான் எல்லாரும் இருக்கும்போதே சொல்லிடலாம்னு வந்தேன்." உள்ளங்கையை விரித்து ஆறு மாத்திரையையும் காட்டினாள். "இவருக்குக் கணையத்துல கல்லு. குடிச்சி வந்ததில்ல, பாண்டிச்சேரி டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. சோறு செரிக்கணும்னா இத சோத்தோட சேத்துத் தின்னணும். இவ்ளோதான் விசயம்."

"குடிக்காமலேயா?" என்று பின்னாலிருந்து ஒருவன் இழுத்தான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நீலாவதி அவன் பக்கம் திரும்பவில்லை. மேஸ்திரியைப் பார்த்தாள். "எட்டு வருசமா ஒரே மேடையில இவரு பக்கத்துல நின்னு வேல செய்யறீங்க. ஒரு நாளாவது இவருமேல வாடை அடிச்சிதுன்னா சொல்லுங்க, இப்பவே எழுந்து போயிடுறேன்."

சாமிதுரை பிசைந்த சோற்றை வைத்துக்கொண்டு யோசித்தார். ஊரோடு சேர்ந்து அவரும் சிரித்தவர்தான். எட்டு வருஷத்தை மனதுக்குள் புரட்டிப் பார்த்தவர் போல, மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. ஒரு நாளும் இல்ல." பின்னாலிருந்தவனைத் திரும்பிப் பார்த்தார். "ஒம்மேலதான் தெனம் அடிக்குது, வாய மூடிக்கிட்டுத் தின்னு."

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். தங்கதுரையும் சிரித்தான். முதல் கவளத்தோடு இரண்டு மாத்திரை, பாதிச் சோற்றில் இரண்டு, மோர்ச் சோறு தொடங்கும்போது இரண்டு. முழுங்கி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தவன், "நாளையிலேருந்து நீ வராத. நானே போட்டுக்குவேன்" என்றான். அதில் கோபம் இல்லை. வெகு நாளைக்குப் பிறகு அவன் நிமிர்ந்து பேசிய பேச்சு அது. நீலாவதியும் மறுநாள் போகவில்லை.

பத்தே நாளில் மாற்றம் தெரிந்தது. எண்ணெய் மிதப்பது குறைந்துவிட்டது என்று அவனே வந்து சொன்னான். இந்த மாதிரி ஒரு செய்தியை இவ்வளவு சந்தோஷமாகக் கேட்டுக்கொண்ட பெண்டாட்டி அந்தத் தெருவிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கார்த்திகைக் கடைசியில் நாற்பத்து மூன்று கிலோ. மார்கழியில் நாற்பத்தைந்து. காத்தவராயன் கல்லை நகர்த்தும்போது பக்கத்தில் நாலு பேர் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு தடவை வலி வந்து இரண்டு நாள் படுத்தான். நீலாவதி பயப்படவில்லை. டாக்டரம்மா இதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். மூன்றாம் நாள் கஞ்சியும் மாத்திரையுமாக மறுபடியும் தொடங்கினார்கள்.

பொங்கலுக்கு அர்ச்சுனன் கரும்புக் கட்டும் மஞ்சள் கொத்துமாகச் சீர் எடுத்துக்கொண்டு வந்தான். வாசலில் நின்றிருந்த ஆளைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினான். கன்னத்தில் பள்ளம் தூர்ந்திருந்தது. தங்கதுரை கரும்புக் கட்டை அவன் தோளிலிருந்து வாங்கி ஒற்றைக் கையால் உள்ளே கொண்டு போய்ச் சாத்தினான். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விருத்தாம்பாள் நெய்க் கிண்ணத்தை மகனைத் தாண்டிக் கொண்டுபோய் மருமகளின் அண்ணன் இலையில் மட்டும் ஊற்றினாள். இலை ஓரத்தில் இருந்த மாத்திரைகள் சோற்றோடு இரண்டு இரண்டாகப் போவதை அர்ச்சுனன் பார்த்துக்கொண்டே இருந்தான். கை கழுவும்போது மெல்லிய குரலில் சொன்னான்.

"மாப்ள, நான் தப்பா பேசிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

"எங்கிட்ட எதுக்கு மச்சான் சொல்றீங்க? ஊர்ல என்னப் பத்தி யாரு யாருகிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்ட போயிச் சொல்லுங்க" என்றான் தங்கதுரை.

சொன்னபடியே அர்ச்சுனன் செய்தான். டீக்கடையில் சொன்னான், களத்தில் சொன்னான். வயிற்று வலி என்றதும் குடி என்று நினைத்துவிடாதீர்கள், குடிக்காதவனுக்கும் கணையத்தில் கல் வருகிறது என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொன்னான். அது அவன் ஊரிலேயே இருந்த மாரியம்மாள் என்கிற கூலிக்காரப் பெண்ணின் காதில் விழுந்தது. அவளுடைய மகள் ஆராயிக்குப் பதினேழு வயது. இரண்டு வருஷமாகச் சாப்பிட்டதும் சுருண்டு விழுகிறாள், உடம்பு வற்றிக்கொண்டே போகிறது. காத்து கருப்பு என்று சொல்லிக் கழுத்திலும் இடுப்பிலும் கையிலுமாக ஏழு தாயத்துக் கட்டி வைத்திருந்தார்கள். மாசி மாதம் ஒரு நாள் காலையில் அந்த இருவரையும் அழைத்துக்கொண்டு அர்ச்சுனன் தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"நீலா, நீதான் கூட்டிட்டுப் போவணும்."

நீலாவதி ஆராயியைப் பார்த்தாள். "வெளிக்குப் போனா எண்ணெயா போவுதா?" என்று அவள் காதோடு கேட்டாள். பெண் திடுக்கிட்டு, கண்ணில் நீர் தளும்பத் தலையாட்டினாள். இதுவரைக்கும் அதை யாரும் அவளிடம் கேட்டதில்லை. நீலாவதி அன்றைக்கே லீவு எழுதிக் கொடுத்தாள். "போயிட்டு வா, ராவிக்கு நான் சோறு ஆக்கிக்குறேன்" என்றான் தங்கதுரை.

பாண்டிச்சேரியில் அதே வரிசை, அதே பெஞ்சு. மூன்றாம் நாள் டாக்டரம்மா ஆராயியின் படத்தைத் தூக்கிப் பிடித்தபோது, அவள் சொல்வதற்கு முன்னாலேயே நீலாவதிக்குத் தெரிந்துவிட்டது. மாரியம்மாள் அழத் தொடங்கினாள்.

"அழாதீங்க பெரியம்மா. இவ்ளோ நாளும் என்னான்னு தெரியாமதான் அழுதீங்க. இப்ப தெரிஞ்சிபோச்சி. இனிமே ஆவ வேண்டியதப் பாக்கலாம்" என்றாள் நீலாவதி.

ஆராயி முதல் தடவையாக வாய் திறந்தாள். "இந்த மாத்திரையத் தின்னா வலி போயிடுமாக்கா?"

"அடியோட போவாது. கொறையும். ஆனா தின்ற சோறு ஒடம்புல ஒட்டும், நடக்கத் தெம்பு வரும். எங்க வூட்டுக்காரரு போன வாரம் ஒரே நாள்ல எரநூறு அச்சு தூக்கியிருக்காரு."

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தாள். "அவர் எப்படி இருக்கார்?"

"நாப்பத்தெட்டு கிலோங்க. சர்க்கரை பாக்க அடுத்த மாசம் கூட்டியாறேன். மொதல்ல ரெண்டு மாசம் தப்பாப் போட்டுட்டாரு, அதான் லேட்டாயிடுச்சி." பொட்டலக் கதையை அவள் சொல்லச் சொல்ல டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"இதை நான் கேட்டிருக்கணும். சாப்பாட்டோடன்னு சொல்லிட்டா புரிஞ்சிடும்னு நினைச்சிட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "வெளியில ரெண்டாவது பெஞ்சுல நீலச் சட்டை போட்ட ஒருத்தர் இருக்கார். மூணு மாசமா மாத்திரை கேக்கலைன்னு சொல்றார். நீங்க அவர்கிட்ட கொஞ்சம் பேசிப் பாக்கிறீங்களா?"

நீலாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். நீலச் சட்டைக்காரர் சுவரில் சாய்ந்து, வயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள்.

"அண்ணே, மாத்திரைய எப்பப்ப போடுறீங்க?" என்று கேட்டாள்.